இரைப்பையைக் கண்ணாற் கண்ட வைத்தியர்

உண்ட சோறு வயிற்றினுள்ளே புகுந்தபின் யாதாகின்றது என்னும் வினா மிகப் பழையது. எமது முன்னோர் அதனைச் சடராக்கினியின் தொழில் என்றனர். வள்ளுவப் பெருந்தகையார் மருந்து என்னும் அதிகாரத்தை வகுத்தபோது மருந்துகளின் பெயர்களை அடுக்காது, முன் உண்டது அற்றதோ என்று தெரிந்து உண்ணும் நெறியையே பெரிதும் வற்புறுத்திச் சென்றார். மேனாட்டாரும் இவ்விடயத்தில் நெடுங்காலம் பலவாறு மயங்கினர். அடுப்பிலேற்றிய பானைபோல இரைப்பை உணவைச் சமைக்கின்றது என்றனர் ஒரு சாரார். திரிகைபோல அரைக்கின்றது என்றனர் மற்றொரு சாரார். கள்ளுப் புளிப்பதுபோலப் புளிக்கின்றது என்றும், அழுகுகின்றது என்றும் கூறினாரும் உளர்.

பதினெட்டாம் நூற்றாண்டிலே பிரான்சு தேசத்து அறிஞராகிய றேயோமர் என்பவர், துளையிட்ட உலோகக் குழாயினுள்ளே இறைச்சியை வைத்துத் தாம் வளர்த்த பருந்தினை விழுங்கச் செய்தார். பருந்து அதனைத் திரும்பக் கக்கியபோது குழாய் நசுங்காதிருக்க, உள்ளிருந்த இறைச்சிமாத்திரம் கரைந்திருந்தது. இத்தாலியராகிய ஸ்பலன்சானி ஒருபடி மேற்சென்று, சிறு துணிப்பைகளில் உணவை இட்டுத் தாமே விழுங்கிப் பார்த்தார். உணவைக் கரைப்பது ஏதோ ஒரு சாறு என்பது இவற்றால் ஒருவாறு புலனாயிற்று. ஆயினும், உயிருள்ள மனிதனுடைய இரைப்பையிலே அச்சாறு எப்பொழுது ஊறுகின்றது, எவ்வளவு நேரத்தில் எதனைக் கரைக்கின்றது, கோபமும் குடியும் அதனை எங்ஙனம் கெடுக்கின்றன என்று நேரிலே கண்டு சொல்வார் இல்லை. கண்டு சொன்னவர் அமெரிக்கப் பட்டாளத்து வைத்தியர் ஒருவர். அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் மாணவராய் இருந்தவரல்லர். அவர் பெயர் வில்லியம் போமொன்ற்.

போமொன்ற் 1785ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் கொனெற்றிக்கட் மாநிலத்து லெபனன் என்னும் ஊரிலே ஒரு கமக்காரருக்கு மகனாய்ப் பிறந்தார். தந்தையாரின் நிலத்தை உழுதுகொண்டு ஊரோடிருக்க அவருக்கு மனம் ஒருப்படவில்லை. இருபத்தோராம் வயதளவில் ஒரு குதிரையும், பனியிற் செல்லும் சறுக்கு வண்டியும், அப்பிள் மது நிறைந்த ஒரு பீப்பாவும், 100 டொலர் பணமும் கொண்டு வடக்கு நோக்கிப் புறப்பட்டார். கனடா எல்லையை அடுத்த சம்பிளேன் என்னும் கிராமம் அவரை ஏற்றுக்கொண்டது. அங்கே அவர் செய்த தொழில் பள்ளிக்கூட ஆசிரியத் தொழில்! பகலிலே பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பித்து, ஓய்வு நேரங்களில் இரவல் வாங்கிய வைத்திய நூல்களைப் படித்தார். விஞ்ஞானம் கல்லாத தமிழாசிரியராகிய யாம் இவருடைய சரித்திரத்தை எழுதத் துணிந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் என்று அன்பர்கள் கொள்வார்களாக.

அக்காலத்தில் அமெரிக்க நாட்டுப்புறங்களிலே வைத்தியம் கற்பார் பெரும்பாலும் ஒரு வைத்தியரின் வீட்டிலே தங்கி, மருந்து அரைத்தும், நோயாளர் வீடுகளுக்கு உடன் சென்றும், பார்த்துப் பழகியே கற்றனர். எமது நாட்டுப் பரம்பரை வைத்தியர் குருவினிடத்து அடங்கியிருந்து கற்றதற்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை. போமொன்ற் வேர்மொன்ற் மாநிலத்திலே சன்டிலர் என்னும் வைத்தியரிடம் இவ்வாறு பயின்று, 1812ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அம்மாநில வைத்திய சங்கமொன்றின் அனுமதிப் பத்திரத்தைப் பெற்றார். அந்த மாதத்திலேயே அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் போர் மூண்டது. போமொன்ற் பட்டாளத்திற் சேர்ந்தார். 1813இல் யோர்க் நகரத்தைப் பிடித்தபொழுது வெடிமருந்துக் கிடங்கொன்று வெடித்துப் பலர் சிதைந்தனர். அவர்களுக்காக ஊணும் உறக்கமுமின்றி இரண்டு நாள் சத்திரசிகிச்சை செய்தார். போர்க்களமே அவருக்குப் பல்கலைக்கழகமாயிற்று.

போர் முடிந்தபின் சில வருடம் பிளற்ஸ்பேக் என்னும் ஊரிலே சொந்தத்தில் வைத்தியம் பார்த்தார். பின்னர் மீண்டும் பட்டாளத்திற் சேர்ந்து, 1820இல் மக்கினாக் தீவிலுள்ள கோட்டைக்கு வைத்தியராய் அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு தெபோறா என்னும் பெண்மணியை மணந்து அங்கே அழைத்துச் சென்றார்.

மக்கினாக் என்பது ஹியூரன், மிச்சிகன் என்னும் இரு பேரேரிகள் கூடுமிடத்தில் உள்ள சிறு தீவு. குளிர்காலத்தில் வெளியுலகத் தொடர்பு அற்றுக் கிடக்கும். பனி கரைந்து வேனில் வந்ததும், உள்நாட்டுக் காடுகளில் வேட்டையாடிச் சேகரித்த தோல்களை ஏற்றிக்கொண்டு வள்ளங்கள் வந்து குவியும். தோல் வியாபாரக் கம்பனியின் பண்டகசாலை அங்கே இருந்தது. வள்ளம் வலிப்போர், வேட்டைக்காரர், செவ்விந்தியர், பட்டாளத்தார் யாவரும் கூடும் அவ்விடத்தில் 1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் ஒருவருடைய துவக்குத் தற்செயலாய் வெடித்தது. ஒரு யார் தூரமேனும் இல்லாத இடத்தில் நின்ற அலெக்சிஸ் சென் மாட்டின் என்னும் இளைஞனின் இடது மார்புக்குக் கீழே அவ்வெடி பட்டது. அவன் கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சு மொழி பேசும் வள்ளக்காரன். எழுத வாசிக்க அறியாதவன்.

அரை மணி நேரத்துள் போமொன்ற் வந்து பார்த்தார். உள்ளங்கையளவு தசை பறந்திருந்தது. விலா எலும்புகள் நொறுங்கியிருந்தன. நுரையீரலின் ஒரு பகுதி வெளியே பிதுங்கி நின்றது. அதன் கீழே இரைப்பையிலும் துளை விழுந்து, அன்று காலை அவன் உண்ட உணவு அவ்வழியே வெளிவந்துகொண்டிருந்தது. பிழைப்பான் என்று வைத்தியர் எண்ணவில்லை. ஆயினும் காயத்தைத் துப்புரவாக்கிக் கட்டினார். நாளுக்கு நாள் அழுகிய தசையை நீக்கியும், எலும்புத் துண்டுகளைக் களைந்தும் வந்தார். வாயால் உட்கொண்டது யாவும் 17 நாள் வரையில் காயத்தின் வழியே வெளியேறிற்று. அந்நாட்களில் மலவாயில் வழியாக ஊட்டச்சாற்றைச் செலுத்தியே அவனுயிரைக் காத்தார். பின்னர் காயத்தை இறுகக் கட்டி உணவு தங்கும்படி செய்தார்.

பத்து மாதம் கழிந்தது. சென் மாட்டின் உயிர் தப்பினானெனினும் உழைத்துண்ண வல்லவனாகவில்லை. இனி அவனைப் பராமரிக்க முடியாது என்று அவ்வூர் அதிகாரிகள் கைவிட்டனர். 1,500 மைலுக்கு அப்பாலுள்ள அவன் பிறந்த ஊருக்குப் படகிலேற்றி அனுப்பிவிட எண்ணினர். அந்நிலையில் அத்தூரப் பிரயாணம் மரணத்துக்கு ஒப்பானது. போமொன்ற் அவனைத் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்று, உணவும் உடையும் கொடுத்து, நாள்தோறும் காயத்தைக் கழுவிக் கட்டினார். பட்டாளத்து வைத்தியரின் சம்பளம் சொற்பம், வீட்டிலோ கைக்குழந்தை. பிற்காலத்தில் அவர் நடந்துகொண்ட முறைபற்றி யாம் சில கூறவேண்டியிருப்பதால், இந்த ஈகையை முதலிலேயே சொல்லி வைக்கின்றோம். அப்பொழுது அவருக்கு ஆராய்ச்சி என்னும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை.

காயம் ஆறிற்று, துளை மூடவில்லை. இரைப்பையின் விளிம்பு மார்புத் தோலின் விளிம்போடு ஒட்டி வளர்ந்து, விரல் நுழையத்தக்க ஒரு வாயில் நிலையாய் நின்றுவிட்டது. சிலகாலம் சென்றபின் இரைப்பையின் உட்தோல் மடிந்து அதற்கு ஒரு கதவுபோல அமைந்தது. உணவு தானாக வெளிவராது; விரலால் அழுத்தினால் கதவு திறக்கும்; உள்ளே பார்க்கலாம். தையல் போட்டு மூடலாம் என்று தாம் கூறியதாகவும், சென் மாட்டின் அதற்கு உடன்படவில்லை என்றும் போமொன்ற் எழுதிவைத்தார். சென் மாட்டின் எழுத அறியாதவனாதலின் அவன் பக்கத்துச் செய்தி எமக்குக் கிடைக்கவில்லை.

இவ்வாயில் எத்தகைய அரிய வாய்ப்பு என்பதைப் போமொன்ற் உணர்ந்தார். பட்டாளத்து வைத்தியத் தலைவராகிய லவெல் அவருக்கு ஊக்கமளித்தார். 1825ஆம் ஆண்டு மே மாதத்தில் பரிசோதனைகள் தொடங்கின. ஆகஸ்ட் முதலாந் தேதி செய்த சோதனை புகழ்பெற்றது. மசாலையிட்டுச் சமைத்த மாட்டிறைச்சி, உப்பிட்ட பன்றிக் கொழுப்பு, உப்பிட்ட பச்சை மாட்டிறைச்சி, உப்பிட்டு அவித்த மாட்டிறைச்சி, பழைய பாண், பச்சைக் கோவா ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக்கி, ஒரு பட்டுநூலிலே வரிசையாகக் கட்டி, நண்பகல் 12 மணிக்குத் துளைவழியே உள்ளே இறக்கினார். (எமது கல்லூரியின் வாசகர்கள் இப்பட்டியலைக் கண்டு முகஞ் சுளிக்கலாம். அந்தக் கோட்டையிலே கிடைத்தவை அவையே.) ஒரு மணிக்கு இழுத்துப் பார்த்தபோது கோவாவும் பாணும் பாதியளவு கரைந்திருந்தன, இறைச்சிகள் மாறவில்லை. இரண்டு மணிக்கு இழுத்தபோது கோவா, பாண், பன்றிக்கொழுப்பு, அவித்த இறைச்சி என்பன நூலைவிட்டு முற்றாய் நீங்கியிருந்தன. மற்றிரண்டும் அப்பொழுதும் நூலிலே தொங்கின. பின்னர் சென் மாட்டின் வயிற்றிலே வேதனை உண்டென்று முறையிடவே சோதனை நிறுத்தப்பட்டது.

சில நாள் கழித்து அதனினும் சிறந்த சோதனை நிகழ்ந்தது. வெப்பமானியைத் துளைவழியே செலுத்தி இரைப்பையின் வெப்பம் 100 பாகை பரனைட்டு என்று கண்டார். பின்னர் ஒரு குழாயைச் செலுத்தி ஓர் அவுன்சு சாற்றை எடுத்து, கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, அதனுள் ஓர் இறைச்சித் துண்டை இட்டு, அதே 100 பாகை வெப்பமுள்ள நீரில் வைத்தார். அதே அளவான மற்றொரு துண்டை நூலிற் கட்டி இரைப்பைக்குள் விட்டார். இரைப்பையிலிருந்தது விரைந்து கரைந்தது. குப்பியிலிருந்தது மெல்ல மெல்லக் கரைந்து பத்து மணி நேரத்தளவில் முடிந்தது. ஆகவே சமிபாடு என்பது உடலுக்குள் மாத்திரம் நிகழும் மாயமன்று. சாறும் சூடும் இருப்பின் மேசையின்மீதும் நிகழும் இரசாயன மாற்றமே என்பது ஐயமற நிலைபெற்றது. அவருக்கிருந்த கருவிகளோ ஒரு வெப்பமானியும் சில குப்பிகளும் ஒரு குறிப்புப் புத்தகமுமே. இக்காலத்து உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அவற்றைக் கண்டாற் சிரிப்பான்.

அவ்வாண்டிலேயே போமொன்ற் சென் மாட்டினை அழைத்துக்கொண்டு பிளற்ஸ்பேக்குக்கு வந்தார். கனடா எல்லை அருகே இருந்தது. ஒருநாள் சென் மாட்டின் சொல்லாமற் கொள்ளாமல் எல்லையைக் கடந்து தன் ஊருக்குப் போய்விட்டான். போமொன்ற் இதனை நன்றிகேடு என்று கொண்டார். யாமோ, சில மாதமாய் வயிற்றுக்குள்ளே நூலும் குழாயும் இறங்கப்பெற்ற இளைஞன் ஒருவன் தன் தாய்மொழி பேசும் ஊரைக் கண்டதும் ஓடியதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்று கருதுகின்றோம். ஊரிலே அவன் மணஞ்செய்து இரண்டு பிள்ளைகளைப் பெற்றான். அவ்வயிற்றுத் துளையோடே மீண்டும் வள்ளம் வலித்துப் பிழைத்தான்.

நான்கு வருடம் கழித்துத் தோல் வியாபாரக் கம்பனியின் ஆட்கள் அவனைக் கண்டுபிடித்தனர். 1829இல் அவன் மனைவி மக்களோடு நெடுந்தூரம் பிரயாணஞ் செய்து, மிசிசிப்பி நதிக்கரையிலுள்ள குறோபோட் கோட்டையை அடைந்தான். போமொன்ற் அப்பொழுது அங்கே மாற்றலாகியிருந்தார். குடும்பம் முழுவதையும் தம் செலவிலேயே வைத்திருந்தார். சென் மாட்டின் விறகு வெட்டினான், சுமை சுமந்தான், வீட்டு வேலைகள் யாவும் செய்தான். இடையிடையே படுத்துச் சோதனைக்கு வயிற்றைக் காட்டினான். 1829 டிசெம்பர் முதல் 1831 மார்ச்சு வரை இவ்வாறு நிகழ்ந்தது. மனைவி ஊருக்குப் போகவேண்டும் என்று வற்புறுத்தவே, இம்முறை அனுமதி பெற்றே, குடும்பத்தை ஒரு வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு மிசிசிப்பி, ஒகையோ நதிகள் வழியாகவும் பேரேரிகள் வழியாகவும் மொன்றியல் போய்ச் சேர்ந்தான். வயிற்றில் ஓட்டையுள்ளவன் துடுப்பு வலித்துச் சென்ற வழி இது!

1832இல் மூன்றாம் முறை கூடியபோது போமொன்ற் முன்னெச்சரிக்கையாய் ஓர் ஒப்பந்தம் எழுதுவித்தார். ஓராண்டுக் காலம் தாம் செல்லுமிடமெங்கும் உடன் வரவேண்டும். ஏவிய வேலைகளைச் செய்யவேண்டும். நியாயமான பரிசோதனைகளுக்கு இரைப்பையை உட்படுத்தவேண்டும். இவற்றுக்கு உணவு, உடை, உறையுளோடு 150 டொலர் கூலி. கையெழுத்திட அறியாத சென் மாட்டின் புள்ளடி இட்டான். ஒரு மனிதனுடைய இரைப்பையை ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த பத்திரம் வைத்திய சரித்திரத்திலே வேறுண்டோ யாம் அறியோம். வாஷிங்டன் நகரத்தில் லவெல் அவனைப் பட்டாளத்து ஏவலர் பிரிவில் சார்ஜன்ராய்ப் பதிந்து மாதம் 12 டொலர் கிடைக்கச் செய்தார். இங்ஙனம் அரசாங்கமும் இச்சோதனைகளுக்கு ஒருவாறு பொருளுதவிற்று.

போமொன்ற் தம் குறையை அறிந்தவர். இரசாயனம் தமக்குப் போதாது என்பதை மறைக்காது, சாற்றைக் குப்பிகளில் அடைத்து வல்லோர்க்கு அனுப்பினார். வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டங்கிளிசன் அதிலே ஐதரோக்குளோரிக்கமிலம் உண்டென உறுதிசெய்தார். (விலங்குகளின் இரைப்பையில் அவ்வமிலம் உண்டென்பதை இங்கிலாந்தில் புறூற் என்பவர் சில ஆண்டுகளுக்கு முன்னரே காட்டியிருந்தார்.) யேல் கல்லூரியின் சிலிமனுக்கும் சுவீடன் தேசத்துப் பேரறிஞர் பேசீலியசுக்கும் குப்பிகள் சென்றன. சுவீடனுக்குப் போனது கடல் கடந்து கோடை வெப்பத்தில் நாட்பட்டுச் சேர்ந்தமையாற் பயன்படவில்லை. அமிலத்தை மாத்திரம் கலந்து செய்த சாறு இயற்கைச் சாற்றைப்போல இறைச்சியைக் கரைக்கவில்லை என்பதைக் கண்ட போமொன்ற், அமிலம் அல்லாத வேறொரு பொருளும் உண்டென்று கருதினார். 1836இல் ஜேர்மனியரான சுவான் அப்பொருளைப் பிரித்தெடுத்துப் பெப்சின் என்று பெயரிட்டார்.

1833இல் போமொன்றின் நூல் பிளற்ஸ்பேக்கிலே ஆயிரம் பிரதிகள் அச்சாயிற்று. இருநூறுக்கு மேற்பட்ட சோதனைகளும், அவற்றினின்று பெறப்பட்ட 51 முடிபுகளும் அதில் உள்ளன. உணவு வந்து தொட்டபின்னரே சாறு ஊறுகின்றது. வெறும் இரைப்பையில் அது தேங்கிக் கிடப்பதில்லை. கரையக்கூடிய அளவுக்கு மிஞ்சி உண்டால் எஞ்சியது கரையாது கிடந்து துன்பம் தரும். நன்றாய் மென்று விழுங்கியது விரைவிற் கரையும். மனம் கலங்கினாலோ கோபம் மிகுந்தாலோ சமிபாடு கெடும். உணவு வகைகளுக்கு அவர் இட்ட கால அட்டவணையில், அவித்த சோறு 1 மணி நேரத்திலும், காய்ச்சிய பால் 2 மணியிலும், காய்ச்சாத பால் இரண்டேகால் மணியிலும், அவித்த கோவா நாலரை மணியிலும், வாட்டிய பன்றியிறைச்சி ஐந்தேகால் மணியிலும் இரைப்பையை விட்டு நீங்கின. சோறுண்ணும் எமக்கு இஃது இனிய செய்தியே. ஆனால், சோற்றின் சமிபாடு இரைப்பையில் முடிவதன்று, பெரும்பகுதி சிறுகுடலிலேயே நிகழ்வது என்பதைப் பின்வந்தோர் தெளிவாக்கினர். உமிழ்நீருக்குச் சமிபாட்டிற் பயனில்லை என்று போமொன்ற் கருதியதும் தவறே. ஒரு சாளரத்தின் வழியே பார்த்தவர் வீடு முழுவதையும் பார்க்க இயலாது.

வயிற்று நோய்களைப்பற்றிய இக்கால ஆராய்ச்சிக்கு எல்லாவற்றினும் அண்மையாயிருப்பது 1833ஆம் ஆண்டுக் கோடையில் அவர் எழுதிய சில குறிப்புக்களாகும். சென் மாட்டின் எட்டுப் பத்து நாளாய்ச் சாராயம் மிகுதியாய்க் குடித்திருந்தான். துளையைத் திறந்து பார்த்தபோது, வழக்கமாய் வெளிறிய செந்நிறத்துடன் வழுவழுப்பாய் விளங்கும் உட்தோல், அங்கங்கே கன்றிச் சிவந்து, கொப்புளம் போன்ற புள்ளிகளோடு காணப்பட்டது. சாறும் கெட்டுத் தடித்திருந்தது. அவனோ நோவொன்றும் இல்லையென்றான், வழக்கம்போலவே உண்டான். குடியை நிறுத்தியபின் சில நாட்களில் உட்தோல் பழைய நிலையை அடைந்தது. உள்ளே அழற்சி மூண்டிருக்கவும் நோயாளிக்கு அது தெரியாதிருக்கலாம் என்பதைக் கண்கூடாய்க் கண்டு, நாள் குறித்து எழுதியவர் போமொன்றே. இன்று வைத்தியசாலைகளில் வாய்வழியாகக் கமெராக் குழாயைச் செலுத்தி இரைப்பையையும், மலவாயில் வழியாகப் பெருங்குடலையும் பார்க்கின்றனர். நியூயோர்க்கிலே குரோன் என்பவரும் அவர் துணைவரும் 1932இல் விளக்கிய சிறுகுடல் அழற்சி நோயும், நெடுநாள் வருத்தும் பெருங்குடல் அழற்சியும் இவ்வாறு நேரிற் பார்த்தே பெரும்பாலும் துணியப்படுகின்றன. கண்ட காட்சியும் நோயாளி சொல்லும் வேதனையும் எப்பொழுதும் ஒத்திருப்பதில்லை என்பதை இக்கால வைத்தியரும் நன்கறிவர். மனக்கவலையாலும் காரத்தாலும் வருவது என்று நெடுங்காலம் எண்ணப்பட்ட இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு பற்றீரியாவே காரணம் என்று அவுஸ்திரேலியாவில் வொறனும் மார்சலும் கண்டு, 2005இல் நோபெல் பரிசு பெற்றனர். மார்சல் 1984இல் அப்பற்றீரியாவைத் தாமே குடித்துச் சோதித்தார். பிறன் வயிற்றைத் தேடாது தம் வயிற்றையே சோதனைச்சாலை ஆக்கினார் என்பதை இங்கே குறிப்பிடாமற் செல்ல மனம் வரவில்லை.

நூல் புகழ் பெற்றது. 1834இல் ஜேர்மன் மொழியிற் பெயர்க்கப்பட்டது; 1838இல் ஸ்கொத்லாந்திலும் பதிப்பிக்கப்பட்டது. பொருள்மாத்திரம் வரவில்லை. சோதனைகளுக்குத் தாம் செலவிட்ட பணத்தைத் தரும்படி அமெரிக்கப் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டது. லவெல் இறந்தபின் பட்டாளத்தில் அவருக்கு ஆதரவு குன்றிற்று. 1839இல் விலகி, சென் லூயிஸ் நகரத்தில் வைத்தியம் பார்த்துச் செல்வாக்கோடு வாழ்ந்தார். ஆயினும் பழைய துளை அவரை விடவில்லை. 1840இல் அந்நகரத்துப் பத்திரிகையாளர் ஒருவர் இரும்புத் தடியால் தலையில் அடியுண்டபோது, போமொன்ற் மண்டையோட்டைத் துளைத்துச் சிகிச்சை செய்தார். அவர் இறந்தார். அடித்தவனுக்காக வழக்காடிய நியாயவாதி, முன்னே ஒருவன் வயிற்றுக்குள் பார்ப்பதற்காகத் துளையை மூடாது வைத்திருந்த இவ்வைத்தியர், இப்பொழுது மூளைக்குள் பார்க்கும் ஆசையால் மண்டையைத் துளைத்தார் என்று வாதித்தார். அது கொடிய வாதம். போமொன்ற் சென் மாட்டினின் உயிரைக் காத்ததை அது மறைத்துவிட்டது. எனினும், அங்ஙனம் வாதித்தால் நடுவர் செவிசாய்ப்பர் என்று ஒரு நியாயவாதி எண்ணுமளவுக்கு ஊரில் அந்த ஐயம் பரவியிருந்தது என்பதும் உண்மை.

பிரிந்தபின்னர் இருவரும் ஒருவரையொருவர் காணவேயில்லை. போமொன்ற் ஏறக்குறைய இருபது வருடம் கடிதம் எழுதிக்கொண்டேயிருந்தார். வந்துவிடும்படி வேண்டினார், கூலியை உயர்த்தினார், நண்பர்களை அனுப்பினார். பிறருக்கு எழுதிய கடிதங்களில் அவனைக் கடுஞ்சொற்களால் ஏசியும் இருக்கின்றார். மறுகரையிலிருந்து வந்த பதில் பெரும்பாலும் ஒன்றே: குடும்பத்தையும் அழைத்துவரச் சம்மதித்தால், அதற்குப் பணமும் தந்தால் வரலாம். வைத்தியரோ குடும்பத்தை விட்டு அவன் தனியே வரவேண்டும் என்றே பலமுறை வற்புறுத்தினார். 1853இல் பனி உறைந்த படிகளிற் சறுக்கி வீழ்ந்து தலையில் அடிபட்ட போமொன்ற், அவ்வாண்டு ஏப்பிரில் 25ஆம் நாள் காலமானார். அவருக்கு வயது 67.

இதுவரை சென் மாட்டினை, அவர் காலத்து நூல்கள் வழங்கியவாறே, அவன் என்று எழுதி வந்தோம். ஈராண்டு முன்னர் எமது வகுப்பிலே இச்சரித்திரத்தைக் கூறியபோது மாணவனொருவன் எழுந்து, வைத்தியருக்கு அவர் என்றும் நோயாளிக்கு அவன் என்றும் சொல்வதேன் என்று கேட்டான். தக்க விடை எம்மிடம் இருக்கவில்லை. எஞ்சியதை அவர் என்றே எழுதுகின்றோம்.

சென் மாட்டின் கியூபெக் மாகாணத்திலே கமஞ்செய்தும் கூலிவேலை செய்தும் வறுமையோடு வாழ்ந்தார். பிள்ளைகள் பலர். குடிப்பழக்கமும் இருந்தது. 1856இல் ஒருவர் அவரை நகரம் நகரமாய் அழைத்துச் சென்று வைத்தியர்களுக்கும் பொதுமக்களுக்கும் காட்சிப்படுத்தினார். அது நெடுநாள் நடக்கவில்லை. மீண்டும் ஊர் திரும்பினார். துவக்கு வெடித்து 58 ஆண்டு கழிந்தபின், போமொன்ற் இறந்து 27 ஆண்டு கழிந்தபின், 1880ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் சென் தோமாஸ் என்னும் கிராமத்தில் இறந்தார். கனடாவின் பெரும் வைத்தியராகிய ஒஸ்லர் அவருடைய உடலை அறுத்துப் பார்க்கவும், இரைப்பையை வாஷிங்டன் பட்டாள வைத்திய நூதனசாலைக்கு அனுப்பவும் விரும்பினார். குடும்பத்தார் இணங்கவில்லை. கோடை வெயிலிலே சடலத்தை வழக்கத்துக்கு மேலாக நாட்கணக்கில் வீட்டில் வைத்திருந்தனர். வைத்தியர் எவருக்கும் பயன்படாதபடி அது கெடவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். தேவாலயத்துள் கொண்டுசெல்லவும் இயலாத நிலை வந்தபின்னரே, எவரும் தோண்டியெடுக்காவண்ணம் எட்டடி ஆழத்திற் புதைத்தனர்.

அவ்விடத்தில் நெடுங்காலம் அடையாளம் எதுவும் இருக்கவில்லை. 1962ஆம் ஆண்டில் கனடா நாட்டு உடற்றொழிலியல் அறிஞர் சங்கத்தார் அத்தேவாலயத்தருகே அவர் பெயர் பொறித்த ஒரு பலகையை நாட்டினர்.